கோல் அடிக்காதவரைப் பின்தொடருங்கள்: வட சென்னையிலிருந்து ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகும் வழி

ஐஸ் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: ஒரு உழைப்பாளி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள், அவர் ஆட வந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை என்ன ஆனது என்று முழுசாகப் படியுங்கள், கிடைக்கிற வீடியோவையெல்லாம் பாருங்கள். நட்சத்திர வீரரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது இரண்டு நிமிட வீடியோவிலேயே தெரிந்துவிடும். வருஷத்துக்கு எட்டு, பத்து கோல் மட்டும் போட்டுக்கொண்டு பதினைந்து வருஷத்துக்கு மேல் உலகத்தின் உச்ச லீக்கில் ஒருவர் நிற்கிறார் என்றால், அவரை எதற்காக வைத்திருக்கிறார்கள்? இதற்குப் பதில் தேடிப் போனால் விளையாட்டின் சூட்சுமம் எல்லாம் தானாகவே பிடிபடும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆட்டம் பார்க்கத் தெரிந்த கண் இங்கே நிறைய. வியாசர்பாடியில் ஒரு ஃபுட்பால் மேட்ச் நடந்தால், ஓரத்தில் நிற்கிற பெரியவர் கோல் போட்ட பையனைவிட, எதிரணி ஃபார்வர்டைக் கடைசிவரை உள்ளே விடாமல் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போன ஸ்டாப்பரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அந்தக் கண்ணை அப்படியே ஐஸ் மேல் வைத்தால் போதும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர் மேனி மல்ஹோத்ரா. கனடாவின் மிசிசாகாவில் 1980 மே 18 அன்று பிறந்தவர். அப்பா வழி பஞ்சாபிக் குடும்பம், அம்மா பிரெஞ்சு மொழி பேசுகிற கனடாக்காரர். என்எச்எல்லில், அதாவது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், 991 மேட்ச் ஆடியிருக்கிறார். அதில் மொத்தம் 116 கோல். சுமார் எட்டரை மேட்சுக்கு ஒரு கோல்தான் வருகிறது. அப்படியிருந்தும் ஏழு அணிகள் அவரை எடுத்தன. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்தத் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம்ம பக்கம் ஐஸ் என்றால் காசிமேடு. விடியற்காலையில் ஐஸ் பார் வந்து இறங்கும், கிரஷரில் போட்டு உடைப்பார்கள், மீன் கூடைக்கும் போட்டுக்கும் போகும். அந்தப் பாரைச் செய்கிற ஐஸ் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். உப்புத் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. அதை அமோனியா மெஷின் வைத்து பூஜ்யத்துக்கும் கீழே குளிர வைத்து, அந்தத் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்களை இறக்கினால் உள்ளே பார் உறைந்துவிடும். ஹாக்கி அரங்கிலும் வேலை இதேதான். கான்கிரீட் தரைக்குள் நெருக்கமாகக் குழாய் பதித்து, அதில் குளிர்ந்த உப்புநீரை ஓடவிட்டு, மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் கனத்துக்கு ஐஸை ஏற்றுகிறார்கள். பதினெட்டாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம் அந்த ஒரு அங்குலத்தின் மேல்தான் நடக்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐஸ் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பீரியட் தொடங்கும்போது கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், பாஸ் நேராகப் போகும். இருபது நிமிட ஆட்டத்தில் ஸ்கேட்டின் பிளேடு கீறிக் கீறித் தூள் தூளாகப் பனி சேர்ந்துவிடும், பக் (இங்கே பந்துக்குப் பதிலாக ஆடுகிற ரப்பர் வில்லை) துள்ளும், கை லாவகம் உள்ளவர்கள் தடுமாறுவார்கள். அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான் உழைப்பாளிகளின் நேரம். நேராக அடி, துரத்திப் போ, பலகை ஓரத்தில் முட்டி மோதிப் பக்கைப் பிடுங்கு, இதுதான் அப்போது வேலைக்கு ஆகும். இடைவேளையில் ஒரு பெரிய வண்டி வந்து மேலே சுரண்டி எடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டே போகும். அதற்கு ஜாம்போனி என்று பெயர். ஃபிராங்க் ஜாம்போனி என்பவர் 1949-ல் கலிஃபோர்னியாவில் செய்தது. சுடுதண்ணீர் மேல்பரப்பை லேசாக உருக்கி ஒட்டிக்கொண்டு உறைவதால் கீறல் எல்லாம் மூடிவிடும்.

விதிகள், தேவையான அளவுக்கு மட்டும்

களம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு அணிக்கு ஐஸில் ஐந்து பேர், கூட ஒரு கோலி. மூன்று பீரியட், ஒவ்வொன்றும் 20 நிமிடம், விசில் அடித்தால் கடிகாரம் நின்றுவிடும். தப்பு செய்தவர் பொதுவாக 2 நிமிடம் வெளியே பெட்டிக்குள் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் ஆள் குறைந்த அணி கோல் வாங்காமல் தப்பிப்பதற்கு பெனால்டி கில் என்று பெயர், ஆள் கூடுதலாக இருக்கிற அணிக்கு அது பவர் பிளே. எதிரணிப் பக்கம் இருக்கிற நீலக் கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் ஆள் தாண்டினால் ஆஃப்சைடு. தன் பாதிக் களத்திலிருந்தே பக்கைத் தூக்கி எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்டால் ஐசிங். ஐசிங் ஆனால் ஆட்டம் மறுபடி உங்கள் கோல் பக்கத்திலிருந்தே தொடங்கும், களைத்துப்போய் நிற்கிற அந்த ஐந்து பேரை மாற்றவும் கூடாது. முதல் மாசத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் பதியுங்கள். இங்கே யாரும் முழு நேரமும் ஓடுவதில்லை. பெஞ்சில் மொத்தம் 18 பேர், 12 ஃபார்வர்டு, 6 டிஃபன்ஸ். ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராக நான்கு லைன். ஒரு லைன் உள்ளே போனால் முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஸ்கேட் செய்துவிட்டு வெளியே வந்துவிடும், அடுத்த லைன் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலியைத் தாண்டிக் குதிக்கும். இந்த முக்கால் நிமிடத்துக்கு ஷிஃப்ட் என்று பெயர். பெரிய நட்சத்திரம் ஒரு மேட்சில் இருபது நிமிடத்துக்கு மேல் ஐஸில் இருப்பார். நான்காவது லைன்காரருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. மல்ஹோத்ரா பெரும்பாலும் மூன்றாவது லைனின் சென்டர், அதாவது நடு ஆள்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தைப் படிக்கும் முறை

எலைட் ப்ராஸ்பெக்ட்ஸ், ஹாக்கி டிபி என்று இரண்டு தளங்கள் இருக்கின்றன. எந்த ஆட்டக்காரரின் பெயரைப் போட்டாலும் அவர் சிறுவயதில் ஆடிய அணி முதல் கடைசி அணி வரை வருஷவாரியாக வரும். முதலில் எண்களை விட்டுவிட்டு அணிகளின் பெயரை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரு மனிதரின் வாழ்க்கை அந்த வரிசையில் இருக்கிறது.

மல்ஹோத்ராவின் பக்கத்தைப் பார்ப்போம். பதினாறு, பதினேழு வயதில் குவெல்ஃப் ஸ்டார்ம். இது ஒன்டாரியோ ஜூனியர் லீக் அணி. கனடாவில் பையன்கள் பள்ளிப் பருவத்திலேயே வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி ஆடுவது வழக்கம். அப்புறம் 1998 டிராஃப்ட். ஒவ்வொரு வருஷமும் என்எச்எல் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஏழாவது ஆளாக எடுத்தது. ஏழாவது என்றால் பெரிய எதிர்பார்ப்பு. அதே வருஷம் அக்டோபரில், பதினெட்டு வயதில், என்எச்எல்லில் இறங்கிவிட்டார். முதல் சீசனில் 73 மேட்ச், 8 கோல், 8 அசிஸ்ட் (அசிஸ்ட் என்றால் இன்னொருவர் கோல் போடப் பக் கொடுத்து உதவுவது).

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். அடுத்த வரிகளில் நியூயார்க், ஹார்ட்ஃபோர்ட், மறுபடி நியூயார்க் என்று மாறி மாறி வரும். ஹார்ட்ஃபோர்ட் ஏஎச்எல் அணி. ஏஎச்எல் என்பது அமெரிக்கன் ஹாக்கி லீக், என்எச்எல்லுக்கு நேர் கீழே இருக்கிற படி. ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் அங்கே ஒரு துணை அணி உண்டு. மேலே இடம் இல்லாதவரைக் கீழே அனுப்புவார்கள், மேலே யாருக்காவது அடிபட்டால் இரவோடு இரவாகக் கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஒரே சீசனுக்கு இரண்டு, மூன்று வரி இருந்தால் அந்த வருஷம் அந்த ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தார் என்று அர்த்தம். அப்படி ஒரு வருஷத்தில்தான், 2000-ல், அவர் இருந்த ஹார்ட்ஃபோர்ட் அணி ஏஎச்எல்லின் கால்டர் கோப்பையை வென்றது. இந்தக் கோப்பையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2002 மார்ச்சில் டல்லாஸுக்கு மாற்றினார்கள். 2003 நவம்பரில் டல்லாஸ் அவரை வெய்வர்ஸில் போட்டது. கொஞ்ச வருஷம் ஆடிய ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் மற்ற எல்லா அணிகளுக்கும் 'இவரை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா' என்று ஒரு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், அதுதான் வெய்வர்ஸ். கொலம்பஸ் எடுத்துக்கொண்டது. ஏழாவதாக டிராஃப்ட் ஆன பையன், 23 வயதில், பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் கைமாறுகிறார். அணிகளின் பட்டியலில் இது ஒரு சின்ன வரி, ஆனால் என்னைப் பொறுத்தவரை அவருடைய தொழில் உண்மையில் தொடங்குவது இங்கேதான். கோல் போட்டுப் பேர் வாங்குகிற ஆளாக நாம் ஆகப்போவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, அணிக்கு எது இல்லையோ அதைக் கற்றுக்கொண்டார். 2009 வரை கொலம்பஸில் இருந்தார், கடைசி சீசனில் 35 பாயிண்ட் (கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) எடுத்தார், அவருடைய சாதனையே அதுதான். அதற்கப்புறமும் அந்தக் கோடையில் செப்டம்பர் வரை ஒப்பந்தம் இல்லை. சான் ஹோசே ஒரே ஒரு வருஷத்துக்கு 7 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த லீக்கின் கணக்கில் அது குறைந்த சம்பளம். அங்கே 14 கோல் போட்டார். அடுத்த ஜூலை முதல் தேதியே வான்கூவர் மூன்று வருஷத்துக்கு 75 லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டது.

வான்கூவர் கொடுத்த காசு கோலுக்காக இல்லை.

ஃபேஸ் ஆஃப்: இதைப் பார்க்கத் தெரிந்தால் ஆட்டம் பிடிபட்டது

ஆட்டம் நின்றபோதெல்லாம் மறுபடி தொடங்குவது ஃபேஸ் ஆஃபில்தான். களத்தில் ஒன்பது புள்ளிகள் உண்டு. ஏதாவது ஒரு புள்ளியில் இரண்டு சென்டர்களும் குனிந்து நேருக்கு நேர் நிற்பார்கள், நடுவர் பக்கைக் கீழே போடுவார், யார் தன் பக்கம் இழுக்கிறாரோ அவர் அணிக்குப் பக். ஒரு மேட்சில் அறுபது தடவைக்கு அருகில் இது நடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் டீ எடுக்க எழுந்து போவார்கள். போகாதீர்கள்.

முதலில் கையைப் பாருங்கள். ஸ்டிக்கின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கிற கை எவ்வளவு கீழே இருக்கிறது, உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலேயே அவர் பக்கை எங்கே இழுக்கப் போகிறார் என்று ஓரளவு தெரியும். அப்புறம் கால். கால் அகலமாக ஊன்றியிருந்தால் எதிராளியின் ஸ்டிக்கைத் தோளாலும் உடம்பாலும் தள்ளிவிட்டு அப்புறம் பக்கைத் தொடுவார். கண் எப்போதும் நடுவரின் கையில் இருக்கும். கடைசியாக, பக்கத்தில் நிற்கிற விங் ஆட்களையும் பாருங்கள். சென்டர்கள் இருவரும் முட்டிக்கொண்டு பக் நடுவில் மாட்டிக்கொண்டால், முதலில் உள்ளே பாய்ந்து காலால் தட்டி எடுப்பவர் விங்தான், ஆனால் கணக்கில் வெற்றி சென்டர் பேரில் ஏறும்.

எல்லா ஃபேஸ் ஆஃபும் ஒன்றல்ல. உங்கள் கோலுக்குப் பக்கத்துப் புள்ளியில் தோற்றால் இரண்டு விநாடியில் கோல் விழலாம். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில், எதிரணி கோலியையும் எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கியிருக்கும்போது, அந்தப் புள்ளியில் குனிந்து நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும். மல்ஹோத்ரா அந்த ஆள். 2010–11 சீசனில் அவர் எடுத்த ஃபேஸ் ஆஃப்களில் 61 சதவீதத்துக்கு மேல் வென்றார். ஐம்பத்தைந்து சதவீதம் எடுத்தாலே மிக நல்ல ஆள் என்று சொல்கிற இடத்தில் இது என்ன அளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த எண் அணிக்கு எப்படிக் காசானது என்பதுதான் இன்னும் அழகு. வான்கூவரில் அப்போது ஹென்ரிக் செடின், டேனியல் செடின் என்ற சுவீடன் இரட்டையர் இருந்தார்கள். பயிற்சியாளர் அலான் வினியோ ஒரு திட்டம் வைத்திருந்தார். நம் கோல் பக்கம் ஃபேஸ் ஆஃப் வந்தால் மல்ஹோத்ராவின் லைன் இறங்கும், எதிரணி கோல் பக்கம் வந்தால் செடின்கள் இறங்குவார்கள். கஷ்டமான தொடக்கம் எல்லாவற்றையும் ஒருவர் வாங்கிக்கொள்வதால் மற்ற இருவரும் கோலுக்குப் பக்கத்திலேயே வேலையைத் தொடங்கினார்கள். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக பாயிண்ட் எடுத்தவர் டேனியல் செடின். லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்த அணி வான்கூவர். மல்ஹோத்ராவின் பக்கத்தில் 11 கோல், 19 அசிஸ்ட் என்றுதான் இருக்கும்.

அதனால் உங்கள் ஆட்டக்காரரின் எண்களைப் படிக்கும்போது பிளஸ் மைனஸ் என்ற கட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பவர் பிளேயில் விழுகிற கோலை விட்டுவிட்டு, அவர் ஐஸில் இருக்கையில் அவர் அணி போட்ட கோலுக்கு ஒன்று கூட்டி, வாங்கிய கோலுக்கு ஒன்று கழித்து வருகிற எண் அது. எப்போதும் தன் கோலுக்குப் பக்கத்திலேயே ஷிஃப்டைத் தொடங்குகிறவருக்கு அது மைனஸில் போவது இயல்பு. அதைவிட ஃபேஸ் ஆஃப் சதவீதம், ஆள் குறைந்த நேரத்தில் அவர் எத்தனை நிமிடம் ஐஸில் இருந்தார், பயிற்சியாளர் கடைசி இரண்டு நிமிடத்தில் யாரை இறக்குகிறார், இந்த மூன்றையும் பாருங்கள். பெனால்டி நிமிடங்கள் அதிகம் இருந்தால் கடும் உழைப்பாளி என்று சிலர் நினைக்கிறார்கள். அது சண்டை போடுகிறவரின் எண்ணாகவும் இருக்கலாம், சோம்பலாக ஸ்டிக்கால் இழுத்துப் பிடிக்கிறவரின் எண்ணாகவும் இருக்கலாம்.

அடிபட்ட வருஷங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

பக்கத்தில் மேட்ச் எண்ணிக்கை திடீரென்று குறைகிற வருஷம் இருந்தால் அங்கே நின்று தேடுங்கள். 2011 மார்ச் 16, கொலராடோவுக்கு எதிரான மேட்ச். பக் திசை மாறி வந்து மல்ஹோத்ராவின் இடது கண்ணில் அடித்தது. பக் என்பது கெட்டியான ரப்பர் வில்லை, ஒரு அங்குல கனம், மூன்று அங்குல விட்டம், 156 முதல் 170 கிராம் வரை எடை, துள்ளக்கூடாது என்று மேட்சுக்கு முன் ஃபிரீஸரில் வைத்து எடுப்பார்கள். அன்று அவர் முகத்தில் கண்ணாடி மறைப்பு போட்டிருக்கவில்லை, அப்போது அது கட்டாயமும் இல்லை. இந்த சீசன் அவருக்கு முடிந்துவிட்டது என்று அணி அறிவித்தது. கண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள்.

ஜூன் 4 அன்று, என்எச்எல் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பை இறுதியின் இரண்டாவது மேட்சில், முகம் முழுக்க மறைக்கும் கவசத்தோடு அவர் ஐஸில் இறங்கினார். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். வான்கூவர் அரங்கம் எழுந்து நிற்கிற சத்தத்தையும், அவர் நேராகப் போய் ஃபேஸ் ஆஃப் புள்ளியில் குனிவதையும் பாருங்கள். அந்த மேட்சை வான்கூவர் ஜெயித்தது, இறுதியை ஏழாவது மேட்சில் பாஸ்டனிடம் தோற்றது.

இடது கண்ணின் பார்வை பெரும்பகுதி திரும்பவில்லை. ஒரு கண்ணை நம்பி, நடுவர் கையிலிருந்து விழுகிற பக்கைப் பார்த்து இழுக்க வேண்டும், பக்கவாட்டிலிருந்து வந்து மோதுகிறவர் தெரியமாட்டார். இப்படி அடுத்த சீசனில் 78 மேட்ச் ஆடினார். 2013-ல், இது அவர் உடம்புக்கு ஆபத்து என்று சொல்லி அணி நிர்வாகமே அவரை அடிபட்டோர் பட்டியலில் வைத்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. அந்த அக்டோபரில், 33 வயதில், ஏஎச்எல்லின் ஷார்லட் செக்கர்ஸ் அணிக்கு வெறும் சோதனை ஒப்பந்தத்தில் போய் ஆடினார். சில வாரங்களில் கரோலினா அவரை மறுபடி என்எச்எல்லுக்குக் கூப்பிட்டுக்கொண்டது. 69 மேட்ச், 7 கோல். விடாமுயற்சிக்குக் கொடுக்கிற பில் மாஸ்டர்டன் விருதின் கடைசி மூவரில் அந்த வருஷம் அவரும் ஒருவர். (மாஸ்டர்டன் 1968-ல் மேட்சில் தலையில் அடிபட்டு இறந்த வீரர், அப்போது ஹெல்மெட்டும் கட்டாயமில்லை.) 2013-ல் லீக்கில் புதிதாக நுழைகிற எல்லோருக்கும் கண் மறைப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் பிள்ளைகள் கையில் ஸ்டிக் கொடுக்கும்போது இதை மறக்கக் கூடாது, கீழே மறுபடி சொல்கிறேன்.

2014–15-ல் மான்ட்ரியால், அதுதான் என்எச்எல்லில் கடைசி. அதற்கப்புறம் பயிற்சியாளர் வேலை: வான்கூவரில் துணைப் பயிற்சியாளர், பிறகு டொரன்டோவில், 2024-ல் அபட்ஸ்ஃபோர்ட் கனக்ஸ் என்ற ஏஎச்எல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். பஞ்சாபிகள் நிறைய வாழ்கிற ஊர் அது. முதல் சீசனிலேயே, 2025 ஜூனில், அந்த அணி கால்டர் கோப்பையை வென்றது. இறுதியில் ஆறு மேட்சில் தோற்கடித்த அணி ஷார்லட் செக்கர்ஸ். ஒரு கண்ணோடு சோதனை ஒப்பந்தத்தில் போய் நின்றாரே, அதே ஷார்லட். ஓய்வுக்குப் பின் வருகிற வரிகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கிருந்து மேட்ச் பார்க்கும் நேரம்

சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடியும், அப்புறம் ஜூன் வரை பிளே ஆஃப். நியூயார்க், டொரன்டோ பக்கம் மாலை 7 மணி மேட்ச் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30, நவம்பர் முதல் மார்ச் ஆரம்பம் வரை 5.30. கடலுக்குப் போகிற வீடுகளிலும் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற வீடுகளிலும் அந்த நேரத்துக்கு எப்படியும் விளக்கு எரியும். வான்கூவர், சான் ஹோசே மாதிரி மேற்குக் கரை மேட்ச் காலை 7.30 அல்லது 8.30. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்ப்பதற்கு அதுதான் வசதி. முழு மேட்ச் முடியாது என்றால் என்எச்எல்லின் யூடியூப் பக்கத்தில் சுருக்கம் வரும், ஆனால் சுருக்கத்தில் கோல் மட்டும்தான் இருக்கும், நம் ஆள் அதில் தெரியவே மாட்டார். மாதத்துக்கு ஒரு மேட்சாவது முழுசாகப் பாருங்கள். பார்க்கும்போது ஒரு பீரியட் முழுக்கப் பக்கை விட்டுவிட்டு உங்கள் ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கம் ஃபேஸ் ஆஃப் வந்தபோது இறக்கினார்கள், எத்தனை விநாடியில் வெளியே வந்தார், வெளியே வரும்போது பக் யாரிடம் இருந்தது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். மேட்ச் முடிந்ததும் லீக்கின் தளத்தில் ஷிஃப்ட் வாரியான கணக்கு வரும், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிள்ளைகள் ஆட ஆசைப்பட்டால்

சென்னையில் ஹாக்கி ஆடுகிற அளவு ஐஸ் தளம் இல்லை. ஆனால் ஸ்கேட்டிங்கில் நம் ஊர் சின்ன ஊர் இல்லை. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார், சக்கரம் வைத்த ஸ்கேட்டில். அதனால் தொடக்கம் இன்லைன் ஸ்கேட்தான், நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருப்பது. பக்கவாட்டில் இரண்டிரண்டு சக்கரம் இருக்கிற குவாட் வேண்டாம். ஐஸ் பிளேடுக்கு உடம்பைச் சாய்க்கிற பழக்கம் இன்லைனில்தான் வரும். உங்கள் பகுதியில் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறவரிடம் ரோலர் ஹாக்கி, இன்லைன் ஹாக்கி ஆடுகிற குழு எங்கே பயிற்சி செய்கிறது என்று கேளுங்கள். முதல் ஆறு மாதம் வேகத்தை மறந்துவிட்டு நிற்கப் பழகட்டும், பின்பக்கமாகப் போகப் பழகட்டும். ஸ்டிக் அப்புறம். முழு முகத்துக்கும் கம்பி மறைப்பு உள்ள ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை, இந்த மூன்றும் இல்லாமல் ஸ்டிக்கைக் கையில் கொடுக்காதீர்கள். பழைய ஸ்கேட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், பழைய ஹெல்மெட் வேண்டாம்.

ஐஸைத் தொட வேண்டுமென்றால் டேராடூனில் உள்ளரங்கத் தளம் இருக்கிறது. லடாக்கிலும் ஸ்பிதியிலும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை குளங்கள் உறைந்திருக்கும், இந்திய ஐஸ் ஹாக்கியின் உயிரே அங்கேதான். இந்தியப் பெண்கள் அணி 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது, அந்த அணியின் வேரும் அந்தக் குளங்களில்தான். லே கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம். நாம் கடல் ஓரத்துக்காரர்கள், இறங்கிய உடனே ஸ்கேட்டை மாட்டாமல் இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்குங்கள். செலவு, விடுமுறை எல்லாம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெற்றோர் கேட்கிற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: இதை மட்டும் வைத்துப் பிழைக்கிற அளவுக்கு இந்தியாவில் தொழில்முறை லீக் இல்லை, வலுவான அணிகள் பல ராணுவம், இந்தோ திபெத் எல்லைக் காவல் படை போன்றவற்றைச் சேர்ந்தவை. படிப்பை விடாமல் ஆடட்டும்.

அடுத்து யாரைப் படிப்பது

மல்ஹோத்ராவை முடித்ததும் பின்னால் போய் ராபின் பாவாவைப் படியுங்கள். இந்திய வம்சாவளியில் என்எச்எல் ஆடிய முதல் ஆள், 1989–90-ல் வாஷிங்டனில் இறங்கினார், நான்கு அணிகளில் சேர்த்து 61 மேட்ச்தான். அணிகளின் பட்டியல் அவர் பக்கத்தில் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அப்புறம் மார்ட்டின் செயின்ட் லூயி, ஐந்தடி எட்டங்குலம், டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, 2004-ல் டாம்பாவோடு ஸ்டான்லி கோப்பை, 2018-ல் ஹால் ஆஃப் ஃபேம். உழைப்பாளியாகத் தொடங்கி நட்சத்திரமாக முடிந்த பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு அவர். இப்போது ஆடுகிறவர் வேண்டுமென்றால் அர்ஷ்தீப் பெயின்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே ஊர்க்காரர், இவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, 2024 பிப்ரவரியில் வான்கூவருக்காக என்எச்எல்லில் இறங்கினார், மல்ஹோத்ரா பயிற்சியில் கால்டர் கோப்பை வென்ற அந்த அபட்ஸ்ஃபோர்ட் அணியிலும் இருந்தார். அவர் எந்த அணியில் இருக்கிறார் என்று சீசன் தொடங்கும்போது பார்த்துவைத்துக்கொண்டு, முதல் மேட்சில் அவருடைய முதல் ஷிஃப்ட் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்பதைக் குறித்துவையுங்கள்.